இரண்டாம் மருத்துவரின் வாசலில்

 

சென்ற மாதம் எனக்கு வந்த கடிதங்களுள் ஒன்று இன்னும் என் மேசையின் மீதே இருக்கிறது. எழுதியவர் ஒரு சகோதரி. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த அமானிதத்தைக் காப்பது என் கடமை. அவருடைய கணவர் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுபவர். இரண்டு ஆண்டுகளாகத் தலைவலி, கழுத்துவலி. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கழுத்து எலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பிதுங்கியிருப்பதாகத் தெரிய வந்திருக்கிறது. அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளுமாறு மருத்துவர் கூறியிருக்கிறார். வேறொரு மருத்துவரிடமும் காட்டலாமே என்று இந்தச் சகோதரி சொன்னபோது, கணவர் மறுத்துவிட்டாராம். "இத்தனை நாள் பார்த்த டாக்டரை நம்பாமல் இன்னொருவரிடம் போவது நன்றிகெட்ட செயல்" என்பது அவருடைய வாதம். "இது நம்பிக்கைக் குறைவாகுமா? தவக்குலுக்கு மாற்றமாகுமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று கடிதம் முடிகிறது.

சகோதரியே! நான் மருத்துவன் அல்லேன். மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் எளிய ஆசிரியன். கல்லூரியில் நான் பயின்றதும் வரலாறுதான், உடற்கூறு அன்று. ஆயினும் உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் கை சற்று நடுங்கியது. ஏனெனில், நீங்கள் எழுதியிருப்பது ஏறத்தாழ என் கதை. இந்தப் பகுதியில் என் சொந்தக் கதையை நான் அதிகம் எழுதியதில்லை. இம்முறை எழுதுகிறேன். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை நீங்களும் உங்கள் கணவரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு மாதங்கள் நாற்காலியில்

இளமையிலிருந்தே எனக்கு அவ்வப்போது தலைவலி வரும். ஒரு பக்கமாக விண் விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சத்தைக் காணப் பிடிக்காது. என் உம்மாவுக்கும் அப்படித்தான். "நம் குடும்பத்து வலி" என்று உம்மா சொல்வார். இருட்டறையில் ஒரு பொழுது படுத்து எழுந்தால் சரியாகிவிடும். மாதத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோ வரும் விருந்தாளியாகவே அது இருந்தது.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது மதரஸா மூடப்பட்டது. பிள்ளைகளுக்குக் கைப்பேசி வழியாகப் பாடம் நடத்தினேன். காலையிலும் மாலையிலும் அந்தச் சிறு திரையின் மீது குனிந்தே கிடந்தேன். கழுத்து இறுகியது; தலைவலி அடிக்கடி வரலாயிற்று. மதரஸா மீண்டும் திறந்த பிறகும் அது போகவில்லை. விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டான்! மாலை மக்ரிபுக்குப் பின் வகுப்பு நடத்துவதற்காக மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். ஒரு மணி நேரத்தில் வலி தணியும். மறுநாள் மீண்டும் வரும். மீண்டும் ஒரு மாத்திரை. 

2022ஆம் ஆண்டு ரமளானில் நோன்பு வைக்க இயலாத அளவுக்கு வலி முற்றியது. பெருநாள் முடிந்ததும், ஒரு நகரத்தில் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். எக்ஸ்ரே, பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, ஐந்தாம் ஆறாம் எலும்புகளுக்கு இடையே ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று அவர் படத்தைக் காட்டினார். கழுத்துப் பட்டை கொடுத்தார். குனியக் கூடாது, ஸஜ்தா செய்யக் கூடாது, நாற்காலியில் அமர்ந்து தொழுங்கள் என்றார். சில மாதங்கள் கழித்தும் குணம் காணாததால், ஜவ்வை எடுத்துவிட்டு எலும்புகளை இணைக்கும் அறுவைச் சிகிச்சைதான் வழி என்று கூறினார். செலவு 2,60,000 ரூபாய்.

ஒரு மதரஸா ஆசிரியனுக்கு அது எத்தகைய தொகை என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. வட்டிக்குக் கடன் வாங்க மாட்டேன். மகளின் திருமணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த எட்டுப் பவுன் நகை ஒன்றுதான் வீட்டில் இருந்தது. அதை விற்றுவிடுவது என்று நானும் முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நகையைவிட என்னை அதிகம் வருத்தியது நாற்காலிதான். பள்ளிவாசலில் என் மாணவர்கள் தரையில் நெற்றி பதிக்கும்போது, அவர்களுடைய ஆசிரியன் வரிசையின் ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்து தலையை அசைத்துக்கொண்டிருப்பான். இயலாதவருக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை அது; அதில் குறையேதும் இல்லை என்பதை அறிவேன். பிறருக்கு அதைப் பலமுறை எடுத்துச் சொன்னவனும் நான்தான். ஆயினும் மனம் கேட்கவில்லை.

ஒரு கேள்வி

நகையை விற்பதற்காக ஒரு வியாழக்கிழமை புறப்பட்டபோது என் மனைவி வாசலில் வந்து நின்றார். நகை போவதற்காக வருந்துகிறாரோ என்று எண்ணினேன். அவர் கேட்டது வேறு.

"ஒரே ஓர் ஆள் சொன்னதை வைத்துக்கொண்டு நீங்கள் பாடமே நடத்த மாட்டீர்களே! இன்னொரு கிதாபில் பார்த்துவிட்டுத்தானே சொல்வீர்கள்? உங்கள் கழுத்தை மட்டும் ஏன் ஒருவர் சொல்லுக்கு விட்டுவிடுகிறீர்கள்?"

நான் வாயடைத்துப் போனேன். எத்தனை உண்மை! வரலாறு பயின்ற காலத்தில் எங்கள் பேராசிரியர் முதலில் கற்றுக் கொடுத்த பாடமே, ஒரு சாசனத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதே, அதற்கு இன்னொரு சான்று தேடு என்பதுதான். ஹதீஸ் கலையின் பேரறிஞர்கள் ஒரு செய்தியைச் சரிபார்ப்பதற்காக ஊர் ஊராகப் பயணம் செய்தார்கள். முதலில் சொன்னவரை அவர்கள் அவமதித்தார்கள் என்று எவரேனும் கூறுவரா? செய்தியின் மீது கொண்ட மதிப்பினால் அன்றோ அந்தப் பயணம்! அவ்வாறே நோன்பை விடுவதற்கும், அமர்ந்து தொழுவதற்கும் மருத்துவரின் கருத்தைக் கேட்கச் சொல்லும் நம் சட்ட அறிஞர்கள், அவர் திறமை மிக்கவராகவும் நம்பத்தக்கவராகவும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இடுகிறார்கள். திறமையை ஆராய்ந்து பார்ப்பது நம்பிக்கையின்மை ஆகாது.

நோய்க்கு மருந்து தேடிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதை நாம் அனைவரும் அறிவோம். தேடுவது என்றால் முதலில் கண்ட கதவோடு நின்றுவிடுவது அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்கிறோம். கட்டிய முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்ப்பதும் அதில் அடங்கியதுதானே?

நகைப்பெட்டி மீண்டும் அலமாரிக்குள் போயிற்று. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் மதுரைக்குச் சென்று, அரசு மருத்துவமனை ஒன்றின் நரம்பியல் பிரிவில் வரிசையில் நின்றோம்.

பிஸ்கட் டப்பா

அந்த மருத்துவருக்கு வயது குறைவு. கூட்டமோ அதிகம். நான் ஸ்கேன் படத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "படத்தை அப்புறம் பார்க்கிறேன் ஐயா. முதலில் வலியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். எந்த வயதில் தொடங்கியது? எந்தப் பக்கம்? துடிக்கிறதா, அழுத்துகிறதா? குமட்டல் உண்டா? வெளிச்சம் பிடிக்கிறதா? கழுத்தை அசைத்தால் தலைவலி கூடுகிறதா? குடும்பத்தில் யாருக்கேனும் உண்டா? இவற்றுள் பெரும்பாலான கேள்விகளை எவரும் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை. முதல் மருத்துவரிடம் நான் கழுத்தைப் பற்றித்தான் பேசினேன். உம்மாவின் தலைவலியைப் பற்றி ஏன் பேசப் போகிறேன்?

பிறகு என் கைகளின் வலுவைச் சோதித்தார். சிறு சுத்தியலால் மூட்டுகளைத் தட்டினார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். விளக்கொளியால் கண்ணின் உட்புறத்தைப் பார்த்தார். இரத்த அழுத்தம் அளந்தார். கடைசியாக, "மாதத்தில் எத்தனை நாள் வலி மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

"வலி வரும்போது மட்டும்" என்றேன்.

என் மனைவி கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே நான் தின்று தீர்த்த மாத்திரை அட்டைகள்! வீட்டைப் பெருக்கும்போது கிடைத்தவற்றையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார். "போன மாதம் இருபத்திரண்டு நாள்" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

மருத்துவர் புன்னகைத்தார். "ஸ்கேனைவிட இதுதான் அதிகம் சொல்கிறது" என்றார்.

அவர் விளக்கியதை என் மொழியில் தருகிறேன். எனக்கு இளமையிலிருந்து இருந்தது மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி. அது பரம்பரையாக வரக்கூடியது. அதனுடன் கழுத்துவலியும் இறுக்கமும் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். கழுத்துவலி அந்த நோயின் ஓர் அங்கமாகவே இருக்கலாம், அதன் காரணமாக இருக்க வேண்டியதில்லை. இந்த நோய் உள்ளவர் வலி மாத்திரையை அளவு மீறித் தின்றால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். சாதாரண வலி மாத்திரைகளாயின் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்துகள் கலந்த மாத்திரைகளாயின் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டால் இந்நிலை வரலாம் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் கொண்டுள்ள கணக்கு. நான் வாங்கித் தின்றது கலப்பு மாத்திரை. இருபத்திரண்டு நாள்! வலியை அணைப்பதாக எண்ணி, அடுப்பில் நானே விறகு வைத்துக்கொண்டிருந்தேன். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் இத்தகைய மாத்திரைகள் பல செய்யக்கூடிய தீங்கு வேறு.

ஸ்கேன் சொன்னது பொய்யா?

"அப்படியானால் எலும்புத் தேய்மானம் பொய்யா?" என்று கேட்டேன். பொய் இல்லை என்றார். படத்தில் இருப்பது மெய். ஆனால் அதுதான் என் வலிக்குக் காரணம் என்பது நிரூபணமாகவில்லை. நரை எப்படியோ அப்படித்தான் ஜவ்வின் தேய்மானமும். வயது ஏற ஏற வரும். பலருக்கு எந்தத் தொல்லையும் தராமலே இருக்கும்.

இதைப் பின்னர் நானும் படித்து அறிந்தேன். ஜப்பானில், கழுத்தில் எந்தத் தொல்லையும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, 2015ஆம் ஆண்டு அதன் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுள் 87.6 விழுக்காட்டினருக்கு ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது! இருபது வயதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு அது காணப்பட்டது. எண்ணிப் பாருங்கள்: வலியே இல்லாதவர்களுள் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவர்களிடம் காணப்படும் ஒன்றை வைத்து, "இதோ, உன் வலியின் காரணம்" என்று உறுதியாகக் கூறிவிட முடியுமா?

கழுத்திலிருந்து தலைவலி வருவதும் உண்டு. அதற்கென்று சில அடையாளங்கள் இருக்கின்றன. கழுத்தின் அசைவால் வலி தூண்டப்படும். பெரும்பாலும் ஒரே பக்கத்தில் பின்னந்தலையிலிருந்து முன்னோக்கி வரும். கழுத்தைத் திருப்புவது குறைந்துவிடும். அவ்வலிக்குக் காரணமாவன கழுத்தின் மேற்பகுதியிலுள்ள முதல் மூன்று நரம்புகள். முகத்துக்கும் தலைக்கும் உணர்வு தரும் நரம்போடு அவைதாம் கலந்து தொடர்பு கொள்கின்றன. எனக்குத் தேய்ந்திருந்ததோ ஐந்தாவதும் ஆறாவதும். அங்கே நரம்பு நசுங்கினால் தோளும் கையும் வலிக்கும், விரல் மரத்துப் போகும். என் கைகளிலோ வலியும் இல்லை, மரத்துப்போதலும் இல்லை. முதுகுத் தண்டும் நசுங்கவில்லை. ஆகவே அந்த அறுவைச் சிகிச்சை என் தலைவலிக்கு மருந்தாகாது என்று அவர் தெளிவாகச் சொன்னார்.

முதல் மருத்துவரைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. அவரிடம் நான் பாதிக் கேள்வியைத்தான் கேட்டேன். மாத்திரைகளை மறைத்தவன் நான். ஆனால் அந்தப் பாதி விடையோடு நான் அறுவைச் சிகிச்சை மேசையில் படுத்திருந்தால்?

சிகிச்சை எளிதாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். கலப்பு மாத்திரையை நிறுத்திய முதல் ஒரு வாரம் வலி முன்னிலும் கொடியதாக வந்தது. அப்படி வரும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். வலி வராமல் தடுப்பதற்காக இரவில் சாப்பிட ஒரு மாத்திரை எழுதியிருந்தார். அதை வாங்கச் சென்றபோது கடைக்காரர், "இது மனக்கவலைக்குக் கொடுக்கும் மருந்தாச்சே ஹஜ்ரத்!" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றுகூட எண்ணினேன். மறுமுறை சென்றபோது கேட்டேன். அந்த மருந்து மனச்சோர்வுக்குத் தரப்படுவது உண்மைதான். குறைந்த அளவில் கொடுத்தால் ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும் அது பயன்படுகிறது என்று விளக்கினார். கேட்டது நல்லதாயிற்று.

கழுத்துக்கு எளிய பயிற்சிகள் கற்றுத் தந்தார்கள். பட்டை கழன்றது. தரையில் வைத்திருந்த ரைஹாலை ஒரு குட்டைப் பலகையின் மீது உயர்த்தி வைத்தேன்; கிதாப் இப்போது என் கண்ணுக்கு நேராக வருகிறது. உறக்கத்தின் நேரத்தை ஒழுங்குபடுத்தினேன்.

"தரையில் தொழலாமா?" என்று கேட்டேன். "தாராளமாக" என்றார். மதுரையிலிருந்து திரும்பும் வழியில், பேருந்து நின்ற ஊரில் ஒரு சிறிய பள்ளிவாசலில் அஸர் தொழுதேன். எட்டு மாதங்களுக்குப் பின் என் நெற்றி தரையைத் தொட்டது. அந்த ஸஜ்தாவைப் பற்றி மேலும் எழுத எனக்கு வரவில்லை.

இன்று வலி முற்றிலும் போய்விட்டதா? இல்லை. மாதத்தில் மூன்று நான்கு நாள் வருகிறது. பழைய விருந்தாளியாகவே வருகிறது, போய்விடுகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

மறுபக்கமும் உண்டு

சகோதரியே! இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, ஆபரேஷன் தேவையில்லை" என்று உங்கள் கணவரிடம் சொல்லிவிடாதீர்கள். இன்னொரு கதையையும் கேளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு தையல்காரர் இருக்கிறார். ஊசியில் நூல் கோக்க இயலாமல் விரல்கள் தடுமாறின. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. நடக்கும்போது கால் பின்னியது. வலியோ மிகக் குறைவு. கழுத்தில் முதுகுத் தண்டு நசுங்குகிறது, தாமதிக்காமல் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். இவரோ பயந்து, எண்ணெய் போட்டு நீவி விடுபவரிடம் ஆறு மாதம் அலைந்தார். பின்னர் இரண்டாவதாக ஒரு மருத்துவரைப் பார்த்தார். அவரும் அதையே சொன்னார். சிகிச்சை நடந்தது. நோய் மேலும் முற்றாமல் நின்றது; நடை தேறியது. ஆனால் விரல்களில் பழைய வேகம் திரும்பவில்லை. "ஆறு மாதம் முன்னாடியே போயிருக்கணும் ஹஜ்ரத்" என்று இன்றும் சொல்கிறார்.

ஆம்! இரண்டாம் கருத்து என்பது நமக்குப் பிடித்த விடையைச் சொல்பவரைத் தேடி அலைவது அன்று. தனக்குச் சாதகமான ஃபத்வா கிடைக்கும் வரை ஆலிம் ஆலிமாகப் போய்க் கேட்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் தேடுவது மார்க்கத்தையா? தம் விருப்பத்தைத்தானே! மருத்துவத்திலும் அவ்வாறு செய்தால் இழப்பு நம் உடலுக்குத்தான்.

சில அடையாளங்கள் கண்டால் இரண்டாம் கருத்துக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இடி விழுந்தாற்போல் நொடியில் உச்சத்தை எட்டும் தலைவலி. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலி. அடிபட்ட பின் வரும் தலைவலி. பேச்சுக் குழறல், பார்வை மங்குதல், கை கால் வலுவிழத்தல். சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது அடைபடுதல். தொடையிடுக்கில் மரத்துப் போதல். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கி, உணவை மெல்லும்போது தாடையும் வலித்தால் அதையும் தாமதிக்கக் கூடாது. கவனிக்காவிடில் கண்பார்வைக்கே கேடு வரலாம். கருவுற்ற பெண்களுக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் புதிதாகக் கடும் தலைவலி வந்தால், "தூக்கமில்லாததால் வருகிறது" என்று வீட்டார் அலட்சியம் செய்ய வேண்டாம்.

மற்றொன்று. முடி திருத்தும் கடைகளில் தலையைப் பிடித்துக் கழுத்தைச் 'சொடக்'கென்று திருப்பி விடும் பழக்கம் உண்டு. நம் இளைஞர்கள் அதை விரும்பிக் கேட்கிறார்கள். மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளம் அதனால் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அரிதுதான், ஆயினும் ஒரு சொடுக்குக்காக அந்த ஆபத்து எதற்கு?

எப்படிக் கேட்பது?

உங்கள் கணவரின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். நன்றியுணர்வு நல்ல குணம். ஆனால் மருத்துவரிடம் இதை மறைத்துச் செய்ய வேண்டியதே இல்லை. "டாக்டர், இது பெரிய சிகிச்சை. முடிவு செய்வதற்கு முன் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்க விரும்புகிறோம். எங்களுக்கு யாரைச் சொல்வீர்கள்?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் அதனைத் தவறாக எண்ண மாட்டார். தமக்கே ஐயம் வந்தால் அவரும் இன்னொருவரைக் கலந்துகொள்பவர்தாம். மஷூரா செய்தவருக்கு அதன் மதிப்பு தெரியும்.

இது உங்கள் உரிமையும் ஆகும். தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்து, மத்திய சுகாதார அமைச்சகம் 2019ஆம் ஆண்டு மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், இரண்டாம் கருத்துப் பெறும் உரிமை தனியே குறிப்பிடப்பட்டுள்ளது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக ஒழுக்க விதிகள் கூறுகின்றன. ஆகவே ஸ்கேன் அறிக்கையை மட்டுமின்றி, படங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் மருத்துவர் அறிக்கையை மட்டும் படித்தால் அது பிறர் கண்ணால் பார்ப்பதாகும்; படத்தைப் பார்த்தால்தான் தம் கண்ணால் பார்ப்பார். மீண்டும் ஸ்கேன் எடுக்கும் செலவும் மிஞ்சும்.

போவதற்கு முன் ஒரு மாதம் ஒரு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்: வலி வந்த நாள், எவ்வளவு நேரம், என்ன மாத்திரை, எத்தனை. கடையில் தாமாக வாங்கியதையும், நாட்டு மருந்தையும், தேநீர் எத்தனை குவளை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். வலிக்குத் தலைவலி முதன்மையா, கழுத்து முதன்மையா என்று பார்த்து, இயன்றால் வேறு துறையைச் சேர்ந்த மருத்துவரை நாடுங்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டியிருந்தால் நரம்பியல் மருத்துவரிடமும் ஒருமுறை காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இப்பிரிவுகள் உண்டு. வரிசையில் நிற்கும் பொறுமைதான் அங்கே கட்டணம்.

அங்கே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஸ்கேனில் தெரிவதுதான் இந்த வலிக்குக் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அறுவைச் சிகிச்சையால் எந்தத் தொல்லை தீரும், எது தீராது? வேறு வழிகள் எவை? சில மாதங்கள் காத்திருந்தால் என்ன இழப்பு? இரு மருத்துவர்களும் ஒன்றையே சொன்னால் மன அமைதியோடு சிகிச்சைக்கு உடன்படுங்கள். கருத்து வேறுபட்டால், இருவரும் கூறும் காரணங்களை ஒப்பிடுங்கள். இரண்டாமவர் சொன்னார் என்பதற்காகவே அது சரியாகிவிடாது. தேவையாயின் மூன்றாவது ஒருவரைக் கேட்கலாம். அதற்கு மேல் அலைவது தேடல் அன்று, தயக்கம்.

இறுதியாகச் சகோதரியே, அந்த வாசலுக்குக் கணவரைத் தனியே அனுப்பாதீர்கள். நீங்களும் செல்லுங்கள். ஆண்கள் "வலி வரும்போது மட்டும்" என்றுதான் சொல்வோம். வீட்டில் நடப்பதை அறிந்தவர் நீங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கக்கூடும். அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அல்லாஹ் உங்கள் கணவருக்கும், நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவை நல்குவானாக! ஆமீன். என்ன முடிவாயிற்று என்று எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.